ஆயிரம் வரை எண்ணும் பாட்டு

ஜனவரி 19

பாடலாசிரியர் அவர்களுக்கு,

போன் செய்யாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டு போன் அவளுக்கானது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் இதுதான். நான் உங்களைத் திட்டுகிற ஐந்து நிமிடத்தில் அவள் கூப்பிட்டு லைன் கிடைக்காமல் போனால், அது யாரால் என்று நாம் இன்னொரு சண்டை போட வேண்டியிருக்கும். அதனால் தபால்தலை ஒட்டித் திட்டுகிறேன்.

நேற்று பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல்லில் மருந்து அடைத்துவிட்டு, வாயைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லி அவர் கை கழுவப் போனார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவருக்கு உதவியாக இருக்கும் பெண் கூடவே முணுமுணுத்துக்கொண்டு பஞ்சு எடுத்து வைத்தாள்.

‘தேடாதே என்னைத் தேடாதே
சாவி தொட்டியின் அடியிலே
குடையை வைத்துப் போகிறேன்
மழை வந்தால் நனைகிறேன்’

அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து கைதட்டிக்கொண்டு எண்ணியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. கடைசியில், ‘ஆயிரம் தாண்டிப் போயாச்சு, அப்புறம் என்ன எண்ணட்டும்?’

வாய் நிறையப் பஞ்சு. கத்த முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததைப் பார்த்து, “ரொம்ப வலிக்குதாக்கா?” என்றாள். தலையாட்டினேன். “பாட்டைச் சத்தமா வைக்கட்டுமா? வலி தெரியாது” என்றாள். வைத்தாள்.

ஜூன் பதினொன்றாம் தேதி காலை சர்க்கரை டப்பாவுக்கு அடியில் நம் பெண் வைத்துவிட்டுப் போன தாள் அது. பதினேழு வயதுப் பெண் எழுதிய அரைப்பக்கம். நாம் சண்டை போடும்போதெல்லாம் அவள் தன் அறையில் உட்கார்ந்து எண்ணுவாள் என்பதே அதைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். நீங்கள் அதற்குக் கைதட்டல் சேர்த்திருக்கிறீர்கள்.

போலீசுக்குக் கொடுக்க நகல் எடுத்து வருகிறேன் என்று சொல்லி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போனீர்கள். நகல் வீட்டுக்கு வந்தது. அசல் உங்கள் பெட்டியோடு ரெக்கார்டிங் நடக்கும் ஊருக்குப் போய்விட்டது. எத்தனை நகல் எடுத்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

பதில் எழுதுங்கள். எதுகை மோனை இல்லாமல்.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா


ஜனவரி 26

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

எதுகை மோனை இல்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் ‘டம்மி’ என்று ஒன்று உண்டு. மெட்டு தயாராகிவிடும், வரிகள் தயாராகாது. பாடுகிறவர் எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிவதற்காகக் கைக்கு வந்த சொற்களைப் போட்டுப் பாடி வைப்போம். மறுநாள் அழித்துவிட்டு உண்மையான வரிகளை வைப்போம். நான் இதுவரை காய்கறி விலை, தயாரிப்பாளரின் தொப்பை, உன் தம்பியின் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் டம்மியாகப் போட்டிருக்கிறேன். உன் தம்பியின் பத்திரிகை ஒரு சோகப் பாட்டுக்கு அச்சாகப் பொருந்தியது.

இந்தப் படத்துக்கு இசையமைக்கிறவனுக்கு இருபத்து மூன்று வயது. என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறான். “அங்கிள், ஏதாவது போடுங்க. லா லா லா மட்டும் வேணாம், அதுல ஃபீல் இல்ல” என்றான். என் தலைக்குள் அப்போது அந்த ஒரு தாள்தான் இருந்தது. அதற்கு முன்பும் பின்பும் வேறு எதுவும் அங்கே இருந்ததில்லை. வாயைத் திறந்தேன், அது வந்தது.

மறுநாள் மாற்றிவிடலாம் என்று போனேன். அதற்குள் இயக்குநர் கேட்டுவிட்டார். மதியச் சாப்பாடு தாமதமானாலே கண்கலங்குகிறவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், இந்தப் பாட்டுக்குள்ள ஒரு பொண்ணு இருக்கா சார்” என்று அழுதார். இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

மூன்று பாட்டு மாற்றி எழுதிக் கொடுத்தேன். மூன்றிலும் உயிர் இல்லை என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். முப்பது வருடத்தில் என் பெயரில் வந்த பாட்டுகளில் உயிருள்ளது இது ஒன்றுதான், அதையும் நான் எழுதவில்லை.

படம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பாடுகிற கதை. பதினாறு வயது மாணவனாக நடிக்கிறவருக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. நம் பாட்டில் அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுகிறான், கதாநாயகி நூலகத்தில் ஒளிந்துகொள்கிறாள். இந்த வாரம் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடம்.

ஒன்று மட்டும் யோசித்துப் பார். போலீஸ் நோட்டீஸ் பலகையில் அவள் படத்தின் மேல் காணாமல் போன பசுமாட்டின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். இந்தப் பாட்டின் மேல் யாரும் எதையும் ஒட்ட முடியாது. எங்கே இருந்தாலும் அவள் காதில் விழும். விழுந்தால் கூப்பிடுவாள்.

அசல் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அடி ஓரம் கோணலாகக் கிழிந்திருக்கிறதே, அதுவும் அப்படியே இருக்கிறது. ஒரு சுருக்கம்கூட விழாமல் வைத்திருக்கிறேன்.

உன்
வீட்டுக்காரன்


பிப்ரவரி 16

பாடலாசிரியர் அவர்களுக்கு,

காதில் விழுந்தால் கூப்பிடுவாள் என்கிறீர்கள். தன்னைத் தேட வேண்டாம் என்று எழுதி வைத்தவள், அதைத் தன் அப்பா பாட்டாக்கி விற்கிறார் என்று தெரிந்ததும் சந்தோஷமாகப் போனை எடுப்பாள். அப்படித்தானே?

அச்சகத்தில் பைண்டிங் பிரிவுக்காரர்கள் இதைப் பாடிக்கொண்டுதான் தைக்கிறார்கள். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்கு நான் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். சுவாச மண்டலத்தில் மூன்று பிழை விட்டிருக்கிறேன் என்று மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. ஐஸ்கிரீம் வண்டிக்காரன் மணியை எடுத்துவிட்டு இந்தப் பாட்டை வைத்திருக்கிறான். நான்கு மணிக்குத் தெருவில் இருக்கும் குழந்தைகளெல்லாம் ஓடிவந்து எண்ணுகின்றன. ஆயிரம் வரை எண்ணத் தெரியாததால் இருபதுக்குப் பிறகு நேராக ஆயிரத்துக்குப் போய்விடுகின்றன.

திங்கள்தோறும் போவதுபோல் இந்த வாரமும் காவல் நிலையத்துக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் ஏட்டு நம் கோப்பை எடுத்துப் படித்தார். நகலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“என்னம்மா, உங்க பொண்ணும் இந்தப் பாட்டைக் கேட்டுட்டுக் கெளம்பிடுச்சா? இதே மாதிரி எழுதி வெச்சிட்டுப் போனது இந்த மாசம் மட்டும் மூணு கேஸு.”

“இது போன ஜூன் மாசம் சார். அப்ப பாட்டே வரல.”

“அப்ப எப்படிம்மா பாட்டுல இருக்கறது லெட்டர்ல இருக்கும்?”

“லெட்டர்ல இருந்ததுதான் சார் பாட்டுல இருக்கு. எழுதினவர் என் வீட்டுக்காரர்.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி போட்டார். தன் மகளுக்காகக் கதாநாயகனின் கையெழுத்து வாங்கித்தர முடியுமா என்று கேட்டார். கோப்பின் மேல் பென்சிலால் என்னவோ எழுதினார். தலைகீழாகப் படிப்பது என் தொழிலில் கைவந்த வித்தை. ‘குடும்ப விவகாரம், விளம்பரமாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தார்.

ஆல்பம் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டதாம். ஒவ்வொரு படி அது மேலே ஏறும்போதும் அவள் இன்னும் ஒரு ஊர் தள்ளிப் போகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுக்க முடியாதென்றால், முதலிடத்துக்கு மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு வேண்டுதலை உங்கள் தொழிலில் இருக்கும் எந்த மனைவியும் வைத்திருக்க மாட்டாள்.

பட்டாணியின் அம்மா


பிப்ரவரி 28

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

மன்னித்துவிடு. முதலிடம்.

நேற்று கம்பெனியில் விழா. சாவி வடிவத்தில் கேக் வெட்டினார்கள். சாவியின் பல் இருக்கும் பக்கத்தை எனக்குக் கொடுத்தார்கள். கையில் வைத்துக்கொண்டே நின்றேன், க்ரீம் உருகி மணிக்கட்டு வரை வழிந்தது. பாடலாசிரியர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று மைக்கில் சொன்னார்கள். கைதட்டினார்கள். பத்து வரை எண்ணினார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஆல்பம் கம்பெனி மேலாளரைத் தனியாகப் பிடித்து, அந்த ஒரு பாட்டை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

“சார், ஒண்ணாம் இடத்துல இருக்கற பாட்டை எடுக்கறதா? கொஞ்சம் பொறுங்க. அதுவா எறங்கிடும். அப்புறம் நீங்க காசு குடுத்தாக்கூட எவனும் கேக்க மாட்டான். எங்க பொழப்பே அப்படித்தான்.”

உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜூன் பதினொன்று, சர்க்கரை டப்பா, பூந்தொட்டி, குடை. அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். பிறகு, “சார், இதை ஒரு போட்டியா வெச்சா என்ன?” என்றார்.

திட்டுவதற்கு முன் முழுதாகப் படி. ‘இந்தப் பாட்டில் வரும் பெண் நீதானா? எழுது’ என்று எல்லாப் பத்திரிகையிலும் விளம்பரம். ஜெயிக்கிற பெண் கதாநாயகனோடு மேடையில் ஆடலாம். கூத்துதான். ஆனால் நாடு முழுக்க ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் அவளைப் பார்த்து அவள் அப்பா ஒரு கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும். அவள் ஆட வர மாட்டாள். ஆனால் கோபத்திலாவது ஒரு வரி எழுதிப் போடுவாள். உன் பெண். திட்டுவதற்காகவாவது தபால்தலை ஒட்டுவாள்.

வருகிற கடிதம் அத்தனையையும் நானே படிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

உன்
வீட்டுக்காரன்


மார்ச் 7

நீங்கள் எழுதியதை முழுதாகப் படித்தேன். இரண்டு முறை.

செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணிக்கு போன் அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. மூச்சுச் சத்தம் இருந்தது. பின்னால் எங்கேயோ இந்தப் பாட்டு. கடையா, பஸ்ஸா, யார் வீட்டுக் கூடமா, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இது இல்லாத இடம் இருந்தால்தானே அடையாளம் சொல்வதற்கு. “பட்டாணி?” என்றேன். வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து வேலையை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். போனுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டிருக்கிறேன். குளிக்கும்போது கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா, “வெளியவே பாக்க முடியலையே, புகழ் வந்துட்டா இப்படித்தான்” என்கிறாள்.

போட்டியை நிறுத்த முடியாதென்றால் ஒரு காரியம் செய்யுங்கள். வருகிற கடிதங்களை நீங்கள் படிக்காதீர்கள். பிரிக்காமல் அப்படியே கட்டி எனக்கு அனுப்புங்கள். பிழை திருத்துபவள் நான். அவள் கையெழுத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன். உங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

தயவுசெய்து. இந்தச் சொல்லை நான் உங்களிடம் கடைசியாக எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.


ஏப்ரல் 2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீ கேட்டபடி அனுப்ப முடியவில்லை. கடிதங்கள் கம்பெனியின் சொத்தாம், கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாதாம். பதினோராயிரத்துக்கு மேல் வந்திருக்கின்றன. பழைய ஒலிநாடாக்கள் வைக்கிற அறையில் எனக்கு ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். காலை ஒன்பது முதல் ஆறு வரை படிக்கிறேன். அவள் கையெழுத்து எனக்கும் தெரியும். ஆறாம் வகுப்பு வரை நான்தான் அவளுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதச் சொல்லிக் கொடுத்தேன், நீ மறந்திருப்பாய்.

ஆடுவதற்கு ஆசைப்பட்டு எழுதுகிறவர்கள்தான் நிறைய. தன் கால் எவ்வளவு நீளம் என்று எழுதி, அளந்த நூலையும் ஒரு பெண் இணைத்திருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயதான ஒரு அம்மாள், இந்தப் பாட்டில் வருகிற பெண் தான்தான் என்றும், ஆட வேண்டாம் என்றும், கதாநாயகனிடம் ஒருமுறை பேசினால் போதும் என்றும் எழுதியிருக்கிறார்.

ஆனால் மற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் எதிர்பார்க்கவில்லை. ‘நான் எண்ண மாட்டேன், குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன்’ என்று ஒருத்தி. ‘நான் வாய்ப்பாடு சொல்வேன், பதினேழாம் வாய்ப்பாடு வரை வந்திருக்கிறேன், கணக்கில் முதல் மதிப்பெண்’ என்று ஒருத்தி. தம்பியின் காதைப் பொத்துவதால் தன் காதைப் பொத்த இன்னும் இரண்டு கை வேண்டும் என்று ஒன்பது வயதுக் குழந்தை. நாம்தான் தனியாக ஒரு நரகம் நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தெருவிலும் கிளை இருக்கிறது. ஆல்பம் ஏன் விற்கிறது என்று மேலாளருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஒரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போட்டி விதிகளை நேற்றுதான் முழுதாகப் படித்தேன். ஏழாவது விதி: பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோரின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். வீட்டை விட்டுப் போன பெண்ணைத் தேடுகிற போட்டியில் பெற்றோர் கையெழுத்து. கம்பெனி வக்கீல் சேர்த்திருக்கிறார். கையெழுத்தில்லாத கடிதங்களை முதல் நாளிலிருந்தே தனியாக ஒரு அட்டைப்பெட்டியில் தள்ளியிருக்கிறார்கள். அதை எனக்குக் காட்டவே இல்லை.

அந்தப் பெட்டியைக் கேட்டிருக்கிறேன்.

ஆல்பம் ஆறாவது வாரமாக முதலிடம்.

உன்
வீட்டுக்காரன்


ஏப்ரல் 11

பட்டாணியின் அம்மாவுக்கு,

வந்திருக்கிறது. அந்த அட்டைப்பெட்டியில் இருந்தது. அவள் கையெழுத்து. முகவரி இல்லை. உறையும் இல்லை, இடத்தை அடைக்கிறதென்று பிரித்தவுடன் உறைகளை எறிந்துவிடச் சொல்லி அலுவலகத்தில் உத்தரவாம். எந்த ஊர் முத்திரை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மேலே சிவப்பு மையில் ‘தகுதியற்றது – விதி 7’ என்று எழுதியிருக்கிறார்கள்.

அசலை நான் வைத்துக்கொண்டு உனக்கு நகல் அனுப்பினால் நன்றாக இருக்காது. கம்பெனிக்குத் தெரியாமல் எடுத்துவந்த அசலையே இதோடு வைத்திருக்கிறேன். தபாலில் தொலைந்தாலும் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம்.

சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்த கடிதத்தைத் திரும்பவும் முழுதாக எழுதியிருக்கிறாள். தேட வேண்டாம், சாவி, குடை, எண்ணினது, எல்லாம். அதற்குக் கீழே நான் பார்த்தே இராத ஒரு பத்தி இருக்கிறது:

‘அம்மாவுக்கு மட்டும்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெண்கள் விடுதியில் இருப்பேன். நீ தனியாக வா. நீ வந்தால் நான் வருகிறேன்.’

கடைசியாக, இப்போது எழுதியது:

‘பாட்டில் இந்த வரி மட்டும் இல்லை. மெட்டுக்குப் பொருந்தவில்லை என்று அப்பா விட்டுவிட்டாரா, இல்லை அம்மா இதைப் படிக்கவே இல்லையா? இது ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். ஆட வர மாட்டேன்.’

என் பையில் இருக்கும் தாளின் அடி ஓரம் கோணலாகக் கிழிந்திருக்கிறது. நோட்டிலிருந்து அவசரமாகக் கிழித்திருக்கிறாள் என்று பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டிலிருந்து கிழித்தால் பக்கவாட்டில்தான் கிழியும் என்பது ஒரு பாடலாசிரியருக்குத் தோன்றவில்லை.

அவள் கேட்டது உன்னை. நான் எதுவும் கேட்கவில்லை.


ஏப்ரல் 16

பட்டாணியின் அப்பாவுக்கு,

நான் படித்தேன். படித்துவிட்டுக் கிழித்தேன். அந்தத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன். அகராதிக்குள் இருந்தது.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பிறந்ததிலிருந்து அவள் அப்பா பெண். காய்ச்சல் வந்தால் அப்பா, பரீட்சை என்றால் அப்பா, நான் வாங்கிக் கொடுத்த சட்டையைக்கூட உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவாள். அன்றைக்கு முதல்முறையாக என் பேரைச் சொல்லி, எனக்கு மட்டும் என்று எழுதியிருந்தாள். அதை உங்களுக்குக் காட்ட மனம் வரவில்லை. காட்டியிருந்தால் நீங்கள் செருப்புகூடப் போடாமல் ஓடியிருப்பீர்கள். அவளும் உங்களோடு வந்திருப்பாள்.

கிழித்தது அதற்காக. போகாமல் இருந்தது வேறொன்றுக்காக. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை. விடுதிச் சாப்பாட்டை நாலு நாள் சாப்பிட்டால் தானாக வருவாள் என்றிருந்தேன். என்னைக் கூப்பிட்டுவிட்டாள், இனி எங்கே போய்விடுவாள் என்று ஒரு திமிர். கொஞ்சம் காத்திருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை பஸ் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, எதிரே இருக்கும் மாடி ஜன்னல் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு ராத்திரி என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனேன். விடுதிக் காப்பாளர், “அந்தப் பொண்ணா? நேத்து மதியத்துலேர்ந்து பையை மடியில வெச்சிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்துதும்மா. ஆறு மணிக்குக் கணக்கை முடிச்சிட்டுப் போயிடுச்சு. நீங்க யாரு?” என்றார்.

தெரிந்தவள் என்று சொன்னேன்.

ஜனவரியிலிருந்து உங்களை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று என்னிடம் நகல் இல்லை, உங்களிடம் இருக்கும். நீங்கள் அவள் கடிதத்தை ஊருக்கே சொன்னீர்கள். நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. இரண்டில் எது அவளைக் கொன்றிருக்கும் என்று யோசிக்கிறேன். கொன்றிருக்கும் என்று எழுதியதை அடித்துவிட்டு வேறு சொல் போடலாம் என்று பார்த்தேன். சொல் கிடைக்கவில்லை.

அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். பதில் போட முகவரி இல்லை. அவள் காதுக்குப் போகிற வழி என்று எனக்குத் தெரிந்தது இப்போது ஒன்றுதான். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அந்தப் பாட்டைத் திரும்பவும் பாட வையுங்கள். விட்டுப்போன வரியைச் சேருங்கள். அதற்குக் கீழே இதையும்:

‘வெள்ளி மாலை வரை என்றாய்
சனிக்கிழமை வந்து நின்றேன்’

மெட்டுக்கு உட்காரவில்லை என்றால் மெட்டை மாற்றுங்கள். கிழமையை மாற்றாதீர்கள். சிறப்புப் பதிப்பு என்று எதுவோ போடுவார்களாமே, பத்திரிகையில் படித்தேன். அதில் வரட்டும். அது முதலிடத்திலேயே இருக்கட்டும். எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கட்டும்.


மே 9

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வந்த அன்று உன்னைத் திட்டுவதற்காகவே உட்கார்ந்தேன். அதற்கு முன் என் தாளையும் உன் துண்டையும் மேசையில் சேர்த்து வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. நம் வீட்டில் வேறு எதுவும் அப்படிப் பொருந்தி நான் பார்த்ததில்லை. திட்டு வரவில்லை. நானும் ஒன்று செய்தவன்தானே. நீ ஒரு ராத்திரி தாமதித்தாய். நான் தினமும் கைதட்டு வாங்கினேன்.

மேலாளரிடம் போனேன். மூன்று நாள் காக்க வைத்தார். சிறப்புப் பதிப்பு கைவிடப்பட்டது என்றார். ஏப்ரல் கடைசி வாரம் ஆல்பம் ஆறாம் இடத்துக்குப் போனது. போன வாரம் முப்பத்தொன்று. இந்த வாரம் பட்டியலிலேயே இல்லை. இப்போது முதலிடம் நாய்க்குட்டி வளர்க்கும் பிள்ளைகள் பாடுகிற படமாம். என்னை அங்கிள் என்கிற இசையமைப்பாளனும் அதில்தான் இருக்கிறான். “அங்கிள், அந்தப் பாட்டா? செம பாட்டு. ஆனா அது இப்ப முடிஞ்சு போச்சே” என்றான். மேலாளர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பிப்ரவரியிலேயே சொன்னார், அதுவா இறங்கிடும் என்று. எல்லோரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள்.

போட்டியில் ஒரு பல் டாக்டரின் மகள் ஜெயித்தாள். பெற்றோர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேடையில் நன்றாகவே ஆடினாள்.

ரெக்கார்டிங் செய்பவரிடம் கெஞ்சினேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இசையை ஓடவிட்டு மைக்கைத் திறந்து வைத்தார். பாட ஆள் இல்லை. நானே பாடினேன். அவள் வரியையும் உன் வரிகளையும் சேர்த்து. என் குரல் உனக்குத் தெரியும். மூச்சு எங்கே விட வேண்டும் என்று காட்டுவதற்குத்தான் ஆகும். கிழமையை மாற்றவில்லை. மெட்டைவிட்டு ஒரு தட்டு வெளியே நிற்கிறது, பரவாயில்லை.

கேசட் இதோடு இருக்கிறது. இது ஒன்றுதான். டம்மி என்று உறைமேல் எழுதியிருக்கிறேன், அழித்துவிடாமல் வைத்துக்கொள்.

அந்த அட்டைப்பெட்டியில் இன்னும் நானூறு கடிதம் இருக்கிறது. அடுத்த வாரம் பழைய காகிதத்துக்குப் போடப் போகிறார்கள். அதற்குள் படித்துவிட்டு வருகிறேன். ஒருவேளை அவள் இரண்டாவதாக ஒன்று எழுதியிருக்கலாம். வந்தபிறகு போனுக்குப் பக்கத்தில் மாற்றி மாற்றி உட்காரலாம். நீ குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

உன்
வீட்டுக்காரன்


மே 15

பட்டாணியின் அப்பாவுக்கு,

கேசட் வந்தது.

ஐஸ்கிரீம் வண்டிக்காரன் பாட்டை மாற்றிவிட்டான். வாசலுக்குப் போய், பழைய பாட்டைப் போடேன் என்று கேட்டேன். “அதையெல்லாம் இப்ப யாருக்கா கேக்கறாங்க?” என்றான். நீங்கள் அனுப்பியதைக் கொடுத்து இதைப் போடு என்றேன். கொஞ்சம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “பாடறவர் அழறாருக்கா. ஐஸ்கிரீம் விக்காது.”

திங்கட்கிழமை ஏட்டு கோப்பை எடுத்துவைத்துக்கொண்டு, “பாட்டு ஓஞ்சிடுச்சு, இனிமே பொண்ணு வந்துடும்மா” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நிஜமாகவே நாற்காலியும் போட்டார்.

எதிர்வீட்டு அம்மாவிடம் டேப் ரிக்கார்டர் வாங்கி ஜன்னலில் தெருவைப் பார்த்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து திரும்பத் திரும்ப ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து சத்தம் போட்டார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஆறு மணி வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

போனை விட்டு நகர்ந்தேன், ஒரே ஒரு தடவை. தெருவில் இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன். தெருமுனை மளிகைக் கடை வரை கேட்கிறது. அதற்கு அப்பால் கேட்கவில்லை.